தக்க பாதுகாப்பு ஏற்பாடு

பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால், நிற்கிறவர்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். நான் மட்டும் குனிந்து ஜன்னல் வழியாக மேலே பார்ப்பேன், மரம் ஏதாவது வருகிறதா என்று. வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார், வீட்டம்மா மாடியில நின்னு பாக்கறாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, புளியமரம்" என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தப் பழக்கம் வந்தபோது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில், மெயின்ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற எல்லா வண்டியும் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும், நிற்பது மட்டும் டவுன் பஸ் ஒன்றுதான். ரோடு ஒடுக்கம். ஒரு லாரி மண்ணில் இறங்கினால்தான் எதிர் லாரி போகும். இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் வெள்ளைப் பட்டை அடித்து, கறுப்பில் நம்பர் போட்டிருக்கும். எங்களுக்கு வாத்தியார் காலையில் வருகை எடுப்பதுபோல இந்த மரங்களுக்கும் யாராவது வந்து நம்பர் கூப்பிடுவார்களா, ஒரு மரத்தை வெட்டிவிட்டால் அதன் நம்பர் அடுத்த மரத்துக்குப் போகுமா, இல்லை அந்த நம்பர் அப்படியே செத்துப்போகுமா என்பதெல்லாம் அந்த வயதில் என் தலையாய கவலைகள். மாமாவைக் கேட்டால், "நம்பரு உன் நாக்குல போய் ஒக்காந்துக்கும். வாய மூடு" என்பார்.

மாமா என்றால் அம்மாவுக்கு நேர் இளைய தம்பி. மரம் வெட்டுகிற மேஸ்திரி. ஒரு மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தால் போதும், அது எந்தப் பக்கம் விழும், எத்தனை வண்டி விறகு தேறும் என்று சொல்லிவிடுவார். குரல் அடுத்த ஊர் வரைக்கும் போகும். ஊரில் அவர் யாருக்கும் பணிந்து நாங்கள் பார்த்ததில்லை, ஒரே ஒரு சமயத்தைத் தவிர. யாராவது ஒரு காகிதத்தை நீட்டிவிட்டால் மாமா முகம் அப்படியே மாறிப்போகும். "நமக்கு எழுத்து வரலீங்க" என்று குரலைத் தாழ்த்தி, இடது கைக் கட்டைவிரலை நீட்டுவார். மையைத் தடவி, வைத்து, விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டதும் பழைய மாமா திரும்பி வந்துவிடுவார்.

அந்த வருஷம் கோடையில் இடி விழுந்து, ஊர் எல்லையில் இருந்த புளியமரம் ஒன்று பட்டுப்போனது. ரோட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த மரம். அதை வெட்டிக்கொள்ள மாமாவுக்கு ஹைவேஸ் ஆபீஸில் உத்தரவு கிடைத்தது. மாலையில் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"படி மருமவனே. ஐஞ்சாவது படிக்கிற ஆளு நீ, இன்னா போட்டிருக்கான்னு சொல்லு."

டைப் அடித்த காகிதம். கீழே ரப்பர் ஸ்டாம்பு. முதல் இரண்டு வரியைப் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்வதுபோல மூச்சுப் பிடித்துப் படித்தேன். மேற்படி பட்டுப்போன மரத்தை அகற்றிக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது. மாமா தலையை ஆட்டினார். அடுத்த வரியில் 'மேற்படி பணியினை மேற்கொள்ளுங்கால்' என்று வந்தது. யாருடைய கால் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் காலில் தடுக்கியவன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நான்கைந்து வரிகள், ஒவ்வொரு சொல்லும் ரயில்பெட்டி மாதிரி நீளம். வாய்க்குள் முணுமுணுத்தபடி அவற்றையெல்லாம் தாண்டி வந்து, கடைசியில் எனக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்து நின்றேன்.

"தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் வெட்டணுமாம் மாமா. அவ்ளோதான்."

"நடுவுல இன்னாமோ முழுங்கினியே?"

"அது சும்மா, மேற்படி மேற்படின்னு போட்டிருக்குது."

"அப்ப தேவையில்லாதது. முழுசா படிச்சிட்ட இல்ல?"

"படிச்சிட்டேன் மாமா."

"படிச்சவன் நீ. நான் கைநாட்டு. ஞாபகம் வெச்சிக்க" என்றார். என்னைப் பெரிய மனிதனாக மதித்து யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை. தோள்பட்டை இரண்டும் தானாக உயர்ந்துவிட்டது.

தக்க பாதுகாப்பு என்றால் என்ன என்று இரண்டு பேரும் யோசித்தோம். மாமா மடியை அவிழ்த்து, அனந்தபுரம் சந்தையில் வாங்கிய தகர விசில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே பட்டாணி உருளுகிற நல்ல விசில். "நீதான்டா" என்றார்.

சர்க்கார் கேட்ட தக்க பாதுகாப்பு ஏற்பாடு அப்படித்தான் உருவானது. நாலரை அடி உயரம், டவுசரில் பின்பக்கம் ஒரு ஒட்டு.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா தங்கச்சிக்கு ஜுரம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு காலை வண்டியில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தங்கச்சிக்கு அப்போது இரண்டு வயது. அம்மா வீட்டில் இல்லாதது பல விதத்தில் வசதி. "செவப்பா ஒரு துணி எடுத்துக்கினு வா" என்று மாமா சொன்னபோது, கொடியில் அம்மாவின் உள்பாவாடை நல்ல சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு மூங்கில் குச்சியில் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

வேலை இப்படி. ரோடு மேட்டில் இருந்தது, அதை ஒட்டிப் பள்ளத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லை. மரத்தின் உச்சியில் வடக்கயிறு கட்டி, கொல்லையில் நான்கு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்ததாயிற்றே, அவர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்தால்தான் அது கொல்லைப் பக்கம் விழும். மாமாவும் இன்னொருவரும் அடிமரத்தில் ரம்பம் போட்டார்கள். நடுவில் வேலிக்காத்தான் புதர். கயிறு பிடிக்கிறவர்களுக்கு ரோடு தெரியாது, ரம்பம் போடுகிறவர்களுக்கு உச்சி தெரியாது. உச்சி எந்தப் பக்கம் போகிறது என்று தள்ளி நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். வண்டியை நிறுத்தவும் ஒரு ஆள் வேண்டும். திண்டிவனம் பக்கத்து வண்டிகளை நிறுத்த மாமாவின் கூட்டாளி ஒருவர் சிவப்புத் துண்டோடு நின்றார். விழுப்புரம் பக்கம் நூறு தப்படி தள்ளி நான். உச்சியைப் பார்க்கிற வேலையும் எனக்கே.

"வண்டிக்குக் கொடி, கயித்துக்கு விசிலு. கொயப்பிக்காத" என்று மாமா பாடம் நடத்தினார். "ஒரு விசிலு அடிச்சா அவங்க இழுப்பாங்க. ரெண்டு அடிச்சா இழுக்கறத நிறுத்துவாங்க. ஒண்ணு இழு, ரெண்டு நிறுத்து. சொல்லு."

"ஒண்ணு இழு, ரெண்டு நிறுத்து."

மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். நான் பீப் என்றால் கொல்லையில் நான்கு பெரிய ஆம்பிளைகள் முக்கினார்கள். பீப் பீப் என்றால் தளர்த்தினார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் போன வாரம் மாங்காய் திருடியதற்காக என் காதைத் திருகியவர். அவரைக் கூடுதலாக இரண்டு தடவை முக்க வைத்தேன்.

மதியம் முழுக்க என் ராஜ்ஜியம். லாரி வந்தது, பாவாடையைக் காட்டினேன், நின்றது. அம்பாசிடர் கார் ஒன்று நின்றது. உள்ளே இருந்த கண்ணாடிக்காரர் என்னையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்து, என்ன கட்சி என்று விசாரித்தார். மாமா கையைக் காட்டினால் கொடியை இறக்குவேன், வண்டிகள் போகும். வண்டி இல்லாத நேரத்தில் ரம்பம் ஓடும். ரம்பத்தூள் சிவப்பாகக் கொட்டியது. செத்த மரத்துக்குள் எப்படிச் சிவப்பு இருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசை. பதவியை விட்டுப் போக மனசு வரவில்லை.

நாலு மணி சுமாருக்குக் காற்று கிளம்பிவிட்டது. பாதிக்கு மேல் அறுத்த மரம். மாமா ரம்பத்தை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். வேர்வையில் குளித்திருந்தார். அந்த ரோடு எங்கள் ஊரில் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். தூரத்தில், முந்தின ஸ்டாப்புக்கும் அப்பால், பச்சையாக ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. எங்கள் டவுன் பஸ் சிவப்பு.

"அது வேற பஸ்ஸு மாமா" என்றேன்.

மாமா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "கலரப் பாக்காத. நம்ம வண்டி ரிப்பேரா இருக்கும், ஸ்பேர் வண்டி வுட்டிருக்காங்க. கூட்டேரிப்பட்டுன்னுதான் போட்டிருக்குது. உங்கம்மா அதுலதான் வரும். நிறுத்தி வெய்யி. காத்து வருது, இனிமே தாங்காது, ஜல்தியா சாய்ச்சிடறேன்."

சொல்லிவிட்டு மரத்துக்கு ஓடினார்.

பஸ் வந்தது. பாவாடையைக் காட்டினேன். எனக்குப் பத்து தப்படி முன்னால் வந்து, பெருமூச்சு விட்டு நின்றது. கூரை மேல் பண்ருட்டிப் பலாப்பழங்கள் குவியலாக. அதுவரைக்கும் எல்லாம் உத்தரவில் போட்டபடிதான் நடந்தது. மூன்றாவது ஜன்னலிலிருந்து அம்மாவின் தலை வெளியே வந்தது.

"டேய்! நடுரோட்டுல நின்னுக்கினு இன்னாடா பண்ற?"

"மரம் வெட்டறோம்மா!" என்றேன், பன்மையில்.

அம்மாவின் பார்வை கொடிக்குப் போனது. "ஐயோ, அது என் பாவாடடா!"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை முளைத்தது. "கொடி நல்லா பறக்குதும்மா" என்று ஒரு குரல். அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "குடுடா, குடுடா இப்படி" என்று எட்டினாள். நான் கொடியை இறக்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அம்மாவின் மடியிலிருந்து தங்கச்சி என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். விசில் மட்டும் வாயிலேயே இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். பாயைக் கிழிப்பதுபோல ஒரு நீளமான கிர்ர்ர். திரும்பிப் பார்த்தேன். புளியமரத்தின் உச்சி அசைந்தது. கொல்லைப் பக்கம் போகவேண்டியது, காற்றில் எங்கள் பக்கம் வந்தது. ரோட்டுக்கு மேலே வந்து, என்ன செய்யலாம் என்று யோசிப்பதுபோல நின்றது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நிறுத்து. எல்லாவற்றையும் நிறுத்து. மாமா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருந்தது. ரெண்டு நிறுத்து.

பீப் பீப்.

கொல்லையில் நான்கு பேரும் கயிற்றைத் தளர்த்தினார்கள். அதே நேரத்தில், என் காதுக்குப் பக்கத்தில், பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டு கிளம்பியது.

தினமும் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறவன்தான் நான். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு விசில் அடித்தால் 'ரைட்' என்று கிளம்பும் என்பது எங்கள் ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். மாமாவின் பாடம் அதற்கு நேர் தலைகீழ் என்பது, மூன்று தடவை ஒத்திகை பார்த்தும், எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. டிரைவர் கண்ணுக்கு முன்னால் கொடியும் இல்லை, பையனும் இல்லை. பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. அவர் கால் தன் வேலையைச் செய்தது.

பஸ்ஸோடு ஓடினேன். நிறுத்தவேண்டும். பஸ்ஸை நிறுத்த ஒரு விசில். பீப். பஸ் குலுங்கி நின்றது. உள்ளே தலைகள் முன் சீட்டில் மோதுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. ஆனால் ஒரு விசில் என்றால் கொல்லையில் இழுப்பார்களே! "இழு!" என்று ஒரு கூச்சல். உச்சி மறுபடி அசைந்தது. அசைந்தது சரியான பக்கம்தான். நான் பேசாமல் இருந்திருந்தால் அப்போதே எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். எனக்கோ மரம் அசைந்தாலே அம்மா மேல் விழுகிறதாகத்தான் கண்ணில் பட்டது. பீப் பீப். கயிறு தளர்ந்தது. பஸ் கிளம்பியது.

ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், மரம் வரும். இரண்டு அடித்தால் மரம் நிற்கும், பஸ் போகும். இந்தக் கணக்கு எந்த வாத்தியாருக்கும் போட வராது. நான் ஓடிக்கொண்டே போட்டுப் பார்த்தேன்.

"யோவ், இன்னாய்யா வேணும் உனுக்கு? போவணுமா, நிக்கணுமா?" என்று டிரைவர் பின்னால் திரும்பிக் கத்தினார்.

"நான் எங்கய்யா அடிச்சேன்? நான் டிக்கெட்டு கிழிச்சிக்கினு இருக்கறேன்!" என்று கண்டக்டர்.

"டேய், அந்த விசில துப்புடா!" என்று அம்மா.

நாற்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. துப்பியிருக்கலாம். ஆனால் இரண்டு கையும் பாவாடைக் கம்பைக் கட்டிப்பிடித்திருந்தன. பயத்தில் பல் விசிலைக் கடித்துக்கொண்டுவிட்டது. அழுகையில் மூக்கு அடைத்துப்போயிருந்தது. மூச்சு விட வேறு வழியே இல்லை, வாய் ஒன்றுதான். வாயில் விசில். மூச்சு விட்டாலே பீப். விக்கினால் பீப் பீப். பஸ் நின்று நின்று கிளம்பியது. கிளம்பிக் கிளம்பி நின்றது. கொல்லையில் நான்கு பேரும் ஊஞ்சல் ஆட்டுவதுபோலக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டார்கள். அடிமரத்தில் ரம்பம் மாட்டிக்கொண்டு மாமா, "டேய் பேஜாரு புடிச்சவனே, கயித்த வுடாதன்னு சொல்லுடா! வுடாதன்னு சொல்லு!" என்று அலறினார். அந்தக் குழப்பத்தில் டவுசர் நனைந்ததையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. ஊருக்கே தெரியும்.

இப்படித் தவணை முறையில் பஸ் சரியாக மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. படிக்கட்டுக்கு வந்து, தன் விசிலை எடுத்து, சாகிறவரைக்கும் மறக்காதபடி நீளமாக ஒன்று அடித்தார். ஒரே விசில். பஸ் செத்ததுபோல நின்றது.

கொல்லையில் நான்கு பேர் அதைக் கேட்டார்கள். என் விசில் மாதிரி விக்கி விக்கி வரவில்லை. திடமான, சந்தேகமே இல்லாத ஒற்றை விசில். வாழ்க்கையிலேயே இழுக்காத இழுப்பாக இழுத்தார்கள்.

பஸ்ஸின் தலைக்கு மேலே வானம் திறந்தது. மரம் எங்களை விட்டு மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ஒரேயடியாகக் கொல்லைக்குள் போனது. தரை அதிர்ந்தது. மல்லாட்டைக் கொல்லைப் புழுதி எழுந்து பஸ்ஸை மூடியது. ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த கிளை மட்டும் மரத்தோடு போகாமல், ஒடிந்து, நேராகக் கூரை மேல் இறங்கியது.

புழுதி அடங்கியது. அப்புறம் பலாப்பழ வாசனை வந்தது.

கிளையைத் தாங்கியது பலாப்பழங்கள். நான்கைந்து பிளந்து, சுளை கூரையிலிருந்து கண்ணாடி வழியாக வழிந்தது. முழுப் பழம் ஒன்று ரோட்டில் உருண்டு போய், மாமாவின் கூட்டாளி சிவப்புத் துண்டைக் காட்டியும் நிற்கவில்லை. ஜனங்கள் முண்டியடித்து இறங்கினார்கள். ஒருவர் தன் கை கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு, சுளை பொறுக்கப் போனார்.

அம்மா இறங்கவில்லை. நான் படியேறிப் போய்ப் பார்த்தேன். அம்மா தங்கச்சியை இறுக்கிப் பிடித்தபடி, மேலே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே கூரைத் தகரம் ஒரு சாண் உள்ளே இறங்கியிருந்தது. புடைத்த அந்த இடத்தைத் தங்கச்சி எட்டி எட்டித் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அந்தப் புடைப்பில் கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் அம்மா எனக்கு ஒரு அறை கொடுத்தாள். விசில் அப்போதுதான் வாயிலிருந்து விழுந்தது. பிறகு அம்மா மாமாவிடம் போனாள். கோடாலியோடு நின்றிருந்த அந்த ஆறடி ஆளுக்கும் ஒன்று கொடுத்தாள். "அறிவு கெட்டவனே! பச்சப் புள்ளய ரோட்டுல நிறுத்தினா மரம் வெட்டுவ?"

மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பேப்பர்ல ஆளுங்கள நிறுத்தச் சொல்லி ஒண்ணும் போடலக்கா. உம் புள்ளதான் படிச்சான். கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து ஓவர்சீயர் வந்தார். கொல்லையில் கிடந்த மரத்தைச் சுற்றி வந்தார், பாவாடைக் கொடியைப் பார்த்தார், உத்தரவை வாங்கி விரித்தார். நான் தாண்டிய வரிகளை அவர் தடுக்காமல் படித்தார். 'மேற்படி பணியினை மேற்கொள்ளுங்கால் சாலையின் இருபுறமும் போதிய ஆட்களை நிறுத்திப் போக்குவரத்தை முற்றிலும் தடைசெய்து' என்று போட்டிருந்தது. அந்தக் கால் ஒருவருடைய கால் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இவ்ளோ தெளிவா போட்டிருக்குதே, பாக்கலியா?"

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். அந்தப் பணிவு வந்துவிட்டது. "நமக்கு எழுத்து வரலீங்க. கைநாட்டு. பையன்தான் படிச்சிச் சொன்னான்."

ஓவர்சீயர் என்னைப் பார்த்தார். கோபப்பட வந்தவர், என் உயரத்துக்குக் குனிந்து, "படிச்சியா தம்பி?" என்று கேட்டார். "படிச்சேன் சார்." "இந்த வரிய வுட்டுட்டியா?" "வுட்டுட்டேன் சார்." அவர் பெருமூச்சு விட்டு, பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறேனா என்று கேட்டுவிட்டு, மாமாவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதோடு முடிந்தது. மாமா மேல் ஒரு பழியும் மிஞ்சவில்லை. எல்லாம் நான் தாண்டிய அந்த வரிகளுக்குள்ளேயே போய் அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு 'தக்க பாதுகாப்பு' என்று பெயர். கல்யாண வீடுகளில், "தக்க பாதுகாப்பு வந்துட்டானா, பந்திய ஆரம்பிக்கலாமா?" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன், பாதிக் கதையை நானே நடித்துக் காட்டுவேன், மூக்கடைப்பு உட்பட. எனக்கு வேடிக்கை பேச வந்ததே அப்படித்தான். ஆனால் ஒரு பழக்கத்தை யாரிடமும் சொன்னதில்லை. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் மூன்று தடவை படிப்பேன். 'மேற்படி' என்று வந்தால் நான்கு தடவை. கூரையில் ஒரு சாண் இறங்கின தகரமும், அதைத் தொட்டுத் தொட்டுச் சிரித்த ஒரு சின்னக் கையும் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருந்துகொண்டே இருக்கும்.

போன வருஷம் மாமாவுக்குக் கண்புரை எடுத்தார்கள். புதுச்சேரியில் ஆஸ்பத்திரி. நான்தான் கூட இருந்தேன். கட்டுப் பிரித்த அன்று, நர்ஸம்மா எழுத்து அட்டை மாட்டிய சுவருக்கு எதிரே அவரை உட்காரவைத்து, "படிக்கத் தெரியுங்களா ஐயா?" என்று கேட்டார். "தெரியாதும்மா, கைநாட்டு" என்று நான் சொன்னேன். "பரவால்ல, படம் போட்ட அட்ட இருக்குது, எடுத்தாறேன்" என்று அவர் உள்ளே போனார்.

மாமாவுக்கு நாங்கள் பேசியது காதில் விழவில்லை. புதுக் கண். அறை முழுக்க அவருக்குப் பளபளவென்று தெரிந்திருக்கவேண்டும். குழந்தைக்குப் பலூன் கிடைத்ததுபோலச் சுவரைப் பார்த்தார். "ட... ப... ம" என்று பெரிய எழுத்தில் ஆரம்பித்தார். இரண்டாம் வரி, மூன்றாம் வரி. குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசி வரியை நானே கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கவேண்டியிருந்தது. அதையும் படித்தார். அட்டையின் அடியில் எறும்பு வரிசை மாதிரி அச்சகத்தின் விலாசம் இருந்தது. கதவு எண் உட்பட அதையும் படித்தார். படித்து முடித்துச் சந்தோஷமாகத் திரும்பியவர், பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார்.

முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"புதுக் கண்ணுடா மருமவனே" என்றார் மாமா. "படிச்ச கண்ணா பாத்து வெச்சிட்டாங்க போலிருக்குது."

திரும்பி வரும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. விழுப்புரத்தில் பஸ் மாறினோம். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். வழக்கம்போல நான் குனிந்து ஜன்னல் வழியாக மேலே பார்த்தேன். பக்கத்தில் மாமாவும் குனிந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் வெட்டிய அன்றைக்கு, நேரான அந்த ரோட்டில், வண்டி தீப்பெட்டி அளவுகூட இல்லை. கலரும் வேறு. நெற்றியில் கையை வைத்து மாமா பார்த்தார், போர்டில் கூட்டேரிப்பட்டு என்றுதான் போட்டிருக்கிறது என்றார். அம்மாவின் பாவாடையைக் கம்பில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பையன் அதைக் கேட்டான். மாமாவுக்கு எவ்வளவு கூர்மையான கண் என்று மட்டும்தான் அவன் வியந்தான்.